ஆடிக்கு முன்னால் காய்ச்சிய பால்

ஜூலை 1, செவ்வாய்

வெயில். காலையிலிருந்து புழுதிக் காற்று வேறு. வாசலைக் கூட்டக் கூட்ட மண். காஸ் புக் பண்ண வேண்டும். யாழினிக்கு கிராஃப் நோட்டு. மாமாவுக்குக் கண் சொட்டு மருந்து தீரப் போகிறது.

வீட்டுக்கார அக்கா வந்தார். சிரித்த முகம். அந்தச் சிரிப்பு வந்தாலே ஏதோ கேட்கப் போகிறார் என்று அர்த்தம்.

"ஆவணியில இருந்து வாடகைய கொஞ்சம் கூட்டலாம்ன்டு இருக்கேன் விஜயா. ஒனக்குத் தோதுப்படலைன்டா ஆடிக்கு முன்னாடியே வேற பாத்துக்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஒன்றும் சொல்ல மாட்டாராம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போனார். கொஞ்சம் என்பது எவ்வளவு என்று கேட்டதும் பால்காரன் வந்துவிட்டான் என்று எழுந்துவிட்டார். பிறகு போனில் சொன்னார். கொஞ்சம் இல்லை.

இந்த வீட்டுக்கா? ஒரு ரூம், ஒரு அடுப்படி, வாசலை ஒட்டிக் கட்டில் போடுகிற அளவுக்கு ஒரு நடை. நடையில் மாமா, அதாவது இவருடைய அப்பா. ரூமில் நானும் இவரும் பீரோவும் துணி மூட்டையும். அடுப்படியில் யாழினி. பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை, சிலிண்டருக்குப் பக்கத்தில் காலை மடக்கிப் படுக்கிறாள். உள்ளே எங்கேயும் கதவு கிடையாது, வாசல் கதவு மட்டும்தான். பாத்ரூம் நாலு குடித்தனத்துக்கும் பொது.

இவருக்குத் தொழிலே அடுத்தவர் வீட்டை மாற்றிக் கொடுப்பதுதான். குட்டியானை வண்டி. ஆனிக் கடைசியில் மூச்சு விட நேரமில்லை. ஆடி பிறந்தால் யாரும் வீடு மாற மாட்டார்கள், வண்டி வேப்பமர நிழலில் சும்மா நிற்கும். சாப்பிடும்போது சொன்னார்: "இந்த மாசம் ஏத்துன சாமான் பூராம் ஊருக்கு வெளியதான் விஜி போகுது. ஒருத்தன்கூட உள்ள வரல."

"அப்ப நம்ம சாமான என்னைக்கு ஏத்துவீங்க?" என்றேன்.

தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.


ஜூலை 2, புதன்

இவர் ஒரு வீடு சொன்னார். ஊருக்கு வெளியே, சமயநல்லூர். போன வாரம் அந்தத் தெருவுக்குச் சாமான் இறக்கப் போனபோது பார்த்தாராம். டூலெட் போர்டு. இரண்டு பெட்ரூம், தனி பாத்ரூம், போர் தண்ணீர். வாடகை நாம் இப்போது கொடுப்பதைவிடக் குறைவு. ஒரு வாரமாக மனதுக்குள் பூட்டி வைத்திருந்திருக்கிறார் மனுஷன்.

போனால்: யாழினிக்கு ரூம். தண்ணீர். மூச்சு. வண்டி நிறுத்த இடம்.
இருந்தால்: என் வேலைக்குப் பக்கம். யாழினி ஸ்கூல் பக்கம். மாமா.

எழுதிப் பார்த்தால் 'மாமா' என்று ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. ஆனால் அதுதான் விஷயம்.

மாமா டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். கண்ணில் பிரஷர் ஏறி நரம்பு போய்விட்டது. வெளிச்சம், இருட்டு மட்டும் தெரியும். ஆபரேஷன் பண்ணிப் பயனில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். அத்தை இருந்தவரை அத்தை கையைப் பிடித்துப் போனார். அத்தை போன பிறகு ஒரு மாதம் படுத்தே கிடந்தார். பிறகு ஒருநாள் அவராகவே எழுந்து சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.


ஜூலை 3, வியாழன்

லீவு. வேண்டுமென்றே வாசலில் உட்கார்ந்து மாமா போவதைப் பார்த்தேன். இத்தனை வருஷம் பார்த்ததில்லை.

சலவைச் சட்டை, மேல் பித்தான் வரை. தலைக்கு எண்ணெய். கம்பு கிடையாது. "கம்பு எதுக்கு? நான் என்ன ஆடா மேய்க்கிறேன்?" என்பார். படி இறங்கி இடது கையை எதிர் வீட்டுச் சுவரில் வைப்பார். சுவர் முடிந்தால் மாவு மில் தகரக் கதவு. அது முடிந்தால் பிள்ளையார் கோயில் கம்பி. பிறகு அயர்ன் வண்டிக்காரரின் குரல். வண்டி நகர்ந்து நின்றால்கூட "இன்னைக்குத் தள்ளி நிக்கிறேன்ணே, பாத்து" என்று அவரே சொல்லிவிடுகிறார். அப்படியே தொட்டுத் தொட்டு முனைக்குப் போய்விடுகிறார். அங்கே காதர் பாயின் பஞ்சர் கடை. பெஞ்சு. பாய் பேப்பர் வாசிப்பார், மாமா ஒவ்வொரு செய்திக்கும் ஒரு திட்டு திட்டுவார். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வெளியூர் ஆட்கள் பாயிடம் வழி கேட்டால் பாய் மாமாவைக் காட்டிவிடுவார். எந்த ஊருக்கு எந்த பஸ், எங்கே மாற வேண்டும், எல்லாம் மாமா வாயில். கண் தெரியாதவர் என்று கேட்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது.

மத்தியானம் சாப்பாட்டுக்குத் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

"பாயி வாங்கித் தர்ற டீ வரவர வெந்நியா இருக்கு தாயி" என்றார். தினமும் சொல்வதுதான். இன்றைக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.


ஜூலை 5, சனி

சமயநல்லூர் போய் வீட்டைப் பார்த்தோம். மாமாவிடம் யாழினிக்கு யூனிபார்ம் துணி எடுக்கப் போவதாகச் சொன்னேன். முதல் பொய். கூசாமல் வந்தது.

மெயின் ரோட்டிலிருந்து உள்ளே ஒரு மண் ரோடு. இரண்டு பக்கமும் பிளாட் கல் ஊன்றிய காலி இடம். அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடு. காற்று அடித்துத் தூக்குகிறது. வீட்டுக்காரம்மா ரிட்டயர்டு டீச்சர், கிறிஸ்தவர், அதே காம்பவுண்டில் பக்கத்துப் போர்ஷனில் இருக்கிறார். பேசும்போது இன்னும் வகுப்பில் நிற்கிற மாதிரிதான். "ரெண்டு ரூம்லயும் அட்டாச்டு ஷெல்ஃப் இருக்கு. ஆணி அடிக்கக் கூடாது. புரிஞ்சுதா?" இவர் "சரிங்க டீச்சர்" என்று கையைக் கட்டிக்கொண்டார்.

நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டேன். சும்மா நின்றேன். வெளியே யாரும் வாளியோடு காத்திருக்கவில்லை. யாரும் கதவைத் தட்டவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதற்கெல்லாமா அழுவது, கழுதை.

யாழினி உள் ரூம் ஜன்னலோரம் தரையில் படுத்துக் கையையும் காலையும் நீட்டிப் பார்த்தாள். எதுவும் இடிக்கவில்லை. சிரித்தாள்.

டீச்சர்: "எனக்கு இந்த ஆடி, மார்கழியெல்லாம் கிடையாது. ஆனா நீங்க பார்ப்பீங்க. அதனால ஆடிக்கு முன்னாடி ஒரு நல்ல நாள்ல வந்து பால் காய்ச்சிருங்க. காய்ச்சிட்டா குடி வந்த மாதிரிதான். சாமான் அப்புறம் மெதுவா வரட்டும். இல்லேன்னா வேற பார்ட்டி கேட்டுக்கிட்டே இருக்காங்க."

இவர் தலையைச் சொறிந்தார். நான் "திங்கக்கிழமை வாரோம்" என்று சொல்லிவிட்டேன்.

நான்தான் சொன்னேன். இவர் இல்லை. இங்கேயாவது ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.


ஜூலை 7, திங்கள்

வளர்பிறை. பால் காய்ச்சியாச்சு.

மாமாவிடம் கோயிலுக்கு என்று சொன்னோம். "எனக்கும் ரெண்டு குங்குமம் கொண்டாங்க" என்றார். வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்க, அவருக்குத் தெரியாமல் புது வீட்டில் பால் காய்ச்சுகிறவர்கள் உலகத்திலேயே நாங்கள் மட்டும்தான் இருப்போம். சாமி படம், புதுச் சட்டி, சர்க்கரை, வாழைப்பழம். யாழினி பம்ப் அடித்து அடித்து ஸ்டவ்வைப் பற்ற வைத்தாள் (புது ஸ்டவ் இல்லை, வண்டியில் கிடக்கும் சின்ன ஸ்டவ்). பால் கிழக்குப் பக்கம் பொங்கியது. நல்ல சகுனம் என்று இவர் சொன்னார். எனக்கு மாமா ஞாபகம்தான் வந்தது. குடும்பத்தில் யார் புது வீடு போனாலும் முதல் டம்ளர் மாமா கையில்தான் கொடுப்பார்கள்.

பக்கத்து வீடுகளுக்கு டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாவது வீட்டில் ஒரு பெரியவர், அவரும் டிரான்ஸ்போர்ட்டில் டிரைவராக இருந்தவராம். "ஒங்க வீட்ல யாரு யாரும்மா?" என்றார். சொன்னேன். மாமனார் கண்டக்டர் என்றேன். பேரைக் கேட்டார். பேரையும் சொன்னேன்! "அட, நம்ம ஆளு!" என்று எழுந்தே விட்டார்.

எங்கே போனது என் புத்தி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது எனக்கு.

திரும்பும்போது மாமாவுக்குப் பருத்திப்பால் வாங்கினேன். குங்குமம் மறந்துவிட்டது. பிள்ளையார் கோயிலில் எடுத்துக் கொடுத்தேன்.

"என்னா தாயி விசேஷம், பருத்திப்பாலெல்லாம்?"

"சும்மாதான் மாமா."

ரசித்துக் குடித்தார்.


ஜூலை 8, செவ்வாய்

சொல்லவில்லை.

"உங்க அப்பா. நீங்க சொல்லுங்க."
"நீ சொன்னா கேப்பாரு விஜி. எங்கிட்ட கோவப்படுவாரு."
"கோவப்பட்டா வாங்கிக்கங்க."
"நாளைக்குச் சொல்றேன்."

மனிதர் மூட்டை தூக்குவதில் புலி. வாய் திறப்பதில் பூனை.


ஜூலை 10, வியாழன்

சொல்லவில்லை. மாமா மத்தியானம் லேட். சாப்பாடு ஆறிப்போனது. கேட்டால், "பாயோட பேசிக்கிட்டு இருந்துட்டேன்" என்றார். துவைக்கப் போட்ட வேட்டியில் கரையெல்லாம் ஒட்டுப்புல். ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தேன். எந்தக் குப்பை மேட்டில் போய் நின்றாரோ என்று எரிச்சல். யாழினியிடம் மாமா காதில் விழுகிற மாதிரியே சொன்னேன், "பாத்து நடந்தா என்னவாம்". சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. கண் தெரியாதவரைப் பார்த்து நடக்கச் சொல்கிற மருமகள்.

மாமா இன்னொரு டம்ளர் மோர் கேட்டார்.


ஜூலை 11, வெள்ளி

வேலையில் கூட்டம். ஸ்கேன் சென்டரில் டோக்கன் போட்டுப் பேர் கூப்பிடும் வேலை எனக்கு. பேர் கூப்பிட்டே தொண்டை போச்சு. ஒரு பெண், அவளுடைய அப்பாவைக் கூட்டி வந்திருந்தாள். அவர் திரும்பத் திரும்பக் கேட்டார், "எங்க இருக்கோம்? எங்க இருக்கோம்?" அவள் போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஆஸ்பத்திரிப்பா, பேசாம இருங்க." அவளை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். பிறகு நிறுத்திக்கொண்டேன். அவளாவது எங்கே இருக்கிறோம் என்று அவரிடம் சொன்னாள்.

சாயங்காலம் யாழினி: "தாத்தாகிட்ட நான் சொல்லவாம்மா?"

"வேணாம். அப்பா சொல்லுவாரு."

"எப்ப? ஆடி பதினெட்டுக்கா?"

"வாய் நீளுது ஒனக்கு."

அவள் புத்தகத்தை மூடினாள். "எல்லாரும் தாத்தா பாவம், தாத்தா பாவம்ங்குறீங்க. நான் பாவமில்லையாம்மா? ட்ரெஸ் மாத்தணும்னாகூட அப்பாவையும் தாத்தாவையும் வெளிய போகச் சொல்லணும். ஒவ்வொரு நாளும்."

அடுப்படியில் நின்றபடி அழுதாள். குரல் நடைக்குக் கேட்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு. அழக்கூட இடமில்லாத வீட்டில் பெண்ணை வைத்திருக்கிறேன். அவளைக் கட்டிக்கொண்டேன். ஜூலை முடியறதுக்குள்ள ஒனக்கு ரூம் என்று வாக்குக் கொடுத்தேன்.

இனி எப்படி மாற்றுவது.


ஜூலை 12, சனி

இவருக்கு இன்று மூன்று வீடு. முதுகுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். எங்கேயோ ஒரு வீட்டில் எல்லாச் சாமானும் ஏற்றி, கயிறு கட்டி, கிளம்பப் போகும்போது யாரோ கேட்டார்களாம், "அய்யா எங்கே?" உள்ளே வெறும் தரையில் உட்கார்ந்திருந்தாராம் ஒரு பெரியவர். யாரும் மறக்கவில்லை, ஆளுக்கு ஆள் மற்றவர் கூட்டி வந்துவிட்டதாக நினைத்திருக்கிறார்கள்.

"தெனமும் பாக்குறேன் விஜி. கடைசியா ஏறுறது வயசானவங்கதான். எங்கிட்டு உக்காரணும்ன்டு நம்மளயே கேப்பாங்க."

"சரி, நாளைக்கு நானே சொல்லிர்றேன்" என்றேன். தைலம் தேய்க்க வசதியாகத் திரும்பிப் படுத்தார். நிம்மதியாம்.


ஜூலை 13, ஞாயிறு

காலையில் சொல்லலாம் என்று மாமா பக்கத்தில் உட்கார்ந்தேன். அதற்குள் அவரே, "யாழினிக்குப் பரிச்சை எப்ப தாயி?" என்றார். பேச்சு அங்கே போய்விட்டது. பிறகு வாழைக்காய் நறுக்கினேன்.

கோழை. நான்தான். இவரைச் சொல்லிப் பிரயோஜனமில்லை.


ஜூலை 14, திங்கள்

ஒழுங்காக எழுத வருமா தெரியவில்லை.

இன்று யாழினிக்கு அரை நாள்தான் ஸ்கூல், மத்தியானம் வந்து போன் பண்ணினாள். தாத்தா இல்லை, சாப்பாடு அப்படியே மூடி இருக்கிறது. இவர் திருமங்கலம் பக்கம் லோடு. பர்மிஷன் சொல்லிவிட்டு ஓடினேன். நேராகப் பாய் கடை. பெஞ்சு காலி. பாய் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தார்.

"பாய், மாமா எங்க?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "தங்கச்சி, ஒனக்குத் தெரியாதா? நாலஞ்சு நாளா சமயநல்லூர் பஸ்ஸுல போயிட்டு வாராருல்ல. நாந்தான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயி ஏத்திவிடுறேன். கண்டக்டர் பசங்க எறக்கிவிட்ருவாங்க. புது வீட்டு ரோட்டப் பழகிக்கிறேன்டாரு. நீங்கதான் பழகச் சொன்னதா..."

அப்படியா சொன்னார். நாங்கள் பழகச் சொன்னதாக.

பாய் அடுத்துச் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒட்டுப்புல்தான் கண்ணுக்கு முன்னால்.

மெயின் ரோட்டில் இறங்கி மண் ரோட்டுக்குள் திரும்பியதும் தெரிந்தது. சலவைச் சட்டை. நடு ரோட்டில் தனியாக நின்றார். காற்று வேட்டியை இழுத்துக்கொண்டிருந்தது. இடது கை அவர் பழக்கத்துக்குப் பக்கவாட்டில் நீண்டிருந்தது. தொட ஒன்றுமில்லை. பிளாட் கல் எல்லாம் முழங்காலுக்குக் கீழே. கையை நீட்டியபடி நாலு எட்டு வைத்தார், நின்றார், முகத்தைத் தூக்கிக் காற்றைக் கேட்டார், திரும்பினார். வீடு வலது பக்கம். அவர் இடது பக்கம் போனார். காலி பிளாட்டுக்குள், முள்ளுக்குள்.

நான் உடனே கூப்பிடவில்லை. அதை எழுத வேண்டும். கூப்பிடாமல் நின்று பார்த்தேன். எதற்கு? எப்படியாவது வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார், கண்டுபிடித்துவிட்டால் நான் தப்பித்தேன் என்றுதான். வயதான மனுஷன் முள்ளுக்குள் நடக்கிறார், மருமகள் பரீட்சை வைத்துப் பார்க்கிறாள்.

ஒரு கல்லில் கால் இடித்துத் தடுமாறினார். அப்போதுதான் "மாமா!" என்று கத்தினேன்.

"யாரு, விஜயாவா?" என்று சிரித்தார். "பரவால்லயே, ஒனக்கு வழி தெரிஞ்சிருக்கு."

கையைப் பிடித்துக் கூட்டிவந்து வீட்டு வாசல் படியில் உட்கார வைத்தேன். டீச்சர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நாசூக்காக உள்ளே போய்விட்டார். காலில் முள் கீறி ரத்தம். முந்தானையால் துடைத்தேன். கையைத் தள்ளிவிட்டார்.

"எப்பத்திலருந்து தெரியும் மாமா?"

"பால் காய்ச்சுன அன்னைக்கே. இங்கிட்டு மூணாவது வீட்டுக்காரன் எங்கூட வண்டி ஓட்டுனவன். சாயங்காலமே போன் போட்டுட்டான். பால் நல்லாப் பொங்குச்சாம்ல, ஏன்ணே நீ வரலைன்டான். காச்சல்ன்டு சொல்லிட்டேன்."

எங்களுக்காக அவரும் ஒரு பொய்.

"ஏன் மாமா கேக்கல எங்ககிட்ட?"

"நீங்க சொல்லுவீகன்டு இருந்தேன். சொல்றதுக்குள்ள பழகிக்கிட்டா, 'எனக்குத் தெரியும், போலாம் வாங்க'ன்டு சொல்லிரலாம்ல. ஒங்களுக்கும் சங்கடமில்ல." தண்ணீரைக் கொஞ்சம் குடித்தார். "அஞ்சு நாளாப் பாத்துட்டேன் தாயி. ரோடு வரைக்கும் வந்துர்றேன். அதுக்கு மேல முடியல. இங்க தொட்டுப் போக ஒண்ணுமே இல்ல. ஆளும் இல்ல, சத்தமும் இல்ல. காத்து ஒண்ணுதான். அது ஒரு பக்கமா அடிக்க மாட்டேங்குது."

நான் அழுதேன். அவருக்குத் தெரியக் கூடாது என்று சத்தமில்லாமல்தான். தெரிந்துவிட்டது.

"அழுகாத. ஒண்ணு கேக்குறேன், சொல்லு. அவன்ட்ட கேக்க முடியாது, அவன் ஒடஞ்சிருவான். ஒன்ட்டதான் கேக்கணும். நான் வரமாட்டேன்டு சொல்லல. வாரேன். பிள்ளைக்கு ரூம் வேணும், எனக்குத் தெரியாதா? தெனம் நான் எந்திரிச்சு வெளிய போனாத்தான அது துணி மாத்துது. ஆனா இங்க வந்தா நான் உள்ளயேதான் கெடப்பேன். கட்டுலு, கக்கூஸு, கட்டுலு. சாகுற வரைக்கும். அதுக்கு ஒனக்குச் சம்மதமா? சம்மதம்ன்டா சொல்லு, வாரேன். மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டேன்."

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். டிக்கெட் எங்கே என்று கேட்கிற மாதிரி கேட்டார்.

"வீட்டுக்குப் போயி பேசுவோம் மாமா" என்றேன்.

"சரி" என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எந்தெந்த ஸ்டாப்பில் நிற்கிறது என்று ஒவ்வொன்றாக எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.


ஜூலை 15, செவ்வாய்

லீவு சொல்லிவிட்டேன். இவரிடம் எல்லாம் சொன்னேன். மாமா சொன்ன மாதிரியே உடைந்துவிட்டார். வண்டிக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

இன்று நினைத்தவை, ஒளிக்காமல்:

மாமாவுக்கு வயது எழுபத்தாறு. இன்னும் எத்தனை வருஷம்? யாழினிக்கு வயது பதினேழு. அவளுக்கு இந்த வருஷம் போனால் வராது.

நினைத்தேன். நினைத்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவினேன். அத்தை இருந்தால் செருப்பால் அடித்திருப்பார். நான் கல்யாணமாகி வந்த புதிதில் வேலைக்குப் போகக் கூடாது என்று வீடே எதிர்த்து நின்றபோது, "போகட்டும், சம்பாதிச்சா அது கையில நாலு காசு இருக்கும்" என்று சொன்ன ஒரே ஆள் இந்த மாமாதான். அவருடைய நாட்களை எண்ணுகிறேன் நான்.

பக்கத்தில் வேறு வீடு தேடிப் பார்த்தேன். அயர்ன் வண்டிக்காரர் சொன்ன ஒன்று, பாய் சொன்ன ஒன்று. ஒன்று மாடி, இரும்புப் படி, கைப்பிடி இல்லை. இன்னொன்றின் வாடகையைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

யாழினியிடம் உட்கார்ந்து சொன்னேன். தாத்தா முள்ளுக்குள் நடந்தது, கேட்டது, எல்லாம். அவள் பேனாவை மூடி வைத்தாள். பிறகு, "தாத்தா காலுக்கு மருந்து போட்டீங்களா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். ரூமைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை.


ஜூலை 16, புதன்

ஆனி கடைசி. மேகம் போட்டுப் போட்டுக் கலைகிறது. மழை இல்லை.

டீச்சருக்குப் போன். வரவில்லை என்று சொன்னேன். "எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனா பால் காய்ச்சின வீட்டை விட்டுட்டுப் போகக் கூடாதும்மா" என்றார். அவரே பயந்துவிட்டார் பாவம். புதுச் சட்டி அங்கேயே இருக்கிறது. யாராவது வைத்துக்கொள்ளட்டும்.

வீட்டுக்கார அக்காவிடம் போய் ஆவணியிலிருந்து அவர் கேட்டதையே தருகிறோம் என்றேன். "நீங்கள்லாம் போக மாட்டீகன்டு எனக்குத் தெரியும்" என்றார். சிரித்த முகம்.

ஞாயிற்றுக்கிழமை டியூட்டியும் எனக்குப் போடச் சொல்லி ஸ்கேன் சென்டரில் கேட்டிருக்கிறேன். இவர் அடுப்படிக்குக் குறுக்கே பிளைவுட் தடுப்பு போடுகிறேன் என்று அளவெடுத்தார். விசில் அடித்துக்கொண்டு அளவெடுத்தார். முடிவெடுக்க வேண்டியதில்லை என்று ஆனதும் மனுஷனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த அளவு டேப்பைப் பிடுங்கி வெளியே எறிந்தேன். யாழினி போய் எடுத்து வந்தாள்.

"பரவால்லம்மா, விடுங்க. எனக்குப் பழகிருச்சு" என்றாள், பெரிய மனுஷி மாதிரி. கொடுத்த வாக்கை நான் மீறியதற்கு அவள் எனக்குச் சமாதானம் சொல்கிறாள்.

மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்கு. நானே.


ஜூலை 17, வியாழன். ஆடி பிறந்தாச்சு

காற்று. கொடியில் போட்ட துணி எல்லாம் பக்கத்து வீட்டில்.

மாமா குளித்துவிட்டு வந்ததும் பக்கத்தில் போய் நின்றேன். "மாமா, சமயநல்லூர் போகல. இங்கயே இருக்கோம். டீச்சர்ட்ட சொல்லியாச்சு."

சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்திருந்தார். அப்படியே நின்றார்.

"என்னாலதான தாயி?"

இல்லை மாமா, அங்கே தண்ணீர் உப்பு, எனக்கு பஸ் சரியில்லை, யாழினிக்கு ஸ்கூல் தூரம். எல்லாம் வாயில் வரிசையாக வந்து நின்றது. இந்த மாதம் முழுக்க மாமாவிடம் பொய்தான் சொல்லியிருக்கிறேன். இன்னொன்று சொல்ல வரவில்லை.

"ஆமா மாமா."

தலையை ஆட்டினார். மற்றக் கையையும் நுழைத்தார். பித்தான் எல்லாம் போட்டார், மெதுவாக. "கடைக்குப் போயிட்டு வாரேன்" என்றார். படி இறங்கி எதிர் சுவரில் கை வைத்துப் போனார். யாழினி வாசல் கதவைச் சாத்திக்கொண்டு துணி மாற்றினாள்.

சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம். திரும்பிப் பார்த்தால் மாமா. போய் அரை மணிகூட ஆகியிருக்காது. கட்டிலில் உட்கார்ந்து சட்டையைக் கழற்றி மடித்தார்.

"என்ன மாமா, கடை இல்லையா? பாய் வரலையா?"

"வந்திருக்காரு."

"பின்ன ஏன் வந்துட்டீங்க?"

"பிள்ளையோட ரூம எடுத்துக்கிட்டு உக்காந்திருக்க மாதிரி இருக்கு. போதும் தாயி" என்றார்.